சீனப் புத்தாண்டில் சிங்கப்பூர் வருகிறவர்களுக்கு: எது மூடும், எது திறக்கும், எங்கே சாப்பிடுவது

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். அவற்றில் ஊரே மூடிக்கொண்டதுபோல் தெரிவது சீனப் புத்தாண்டுக்கு மட்டும்தான். இதைச் சொன்னால் ஊரிலிருந்து வருகிறவர்கள் நம்புவதில்லை. "சிங்கப்பூர்ல கடை மூடுவாங்களா? அது தூங்காத ஊராச்சே" என்பார்கள். விளக்கு அலங்காரம் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்ல, சைனாடவுனில் அறை எடுத்துவிடுவார்கள். புத்தாண்டு காலையில் கீழே இறங்கி வந்தால் தெரு முழுக்கச் சிவப்பு விளக்கு தொங்கும், ஒரு காப்பிக் கடைகூடத் திறந்திருக்காது. அப்புறம்தான் இங்கே இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் வரும்.

"தம்பி, இங்க ஒரு டீ கிடைக்குமா? எல்லாம் பூட்டிக் கிடக்கே."

"மாமா, அங்கேயே எம்ஆர்டி ரயில் ஏறுங்க. ஊதா நிறப் பாதை. மூணாவது ஸ்டேஷன் லிட்டில் இந்தியா. இறங்கினா டீ என்ன, பொங்கல் வடையே கிடைக்கும்."

இந்த ஊர் மொத்தமாக மூடுவது கிடையாது. யாருடைய பண்டிகையோ அவர்களுடைய கடை மூடும், மற்றவர்கள் கடை நடக்கும். ஊரில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள் என்பதால் அவர்கள் பண்டிகையில் ஊரே மூடியதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். கடைக்காரர் யார் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதிப் பாதிக்குத்தான் கீழே வருவது.

முதலில் தேதி

சீனப் புத்தாண்டு அமாவாசைக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் மாறும். 2026இல் பிப்ரவரி 17, 18. 2027இல் பிப்ரவரி 6, 7. அந்த 7ஆம் தேதி ஞாயிறு. பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அடுத்த திங்களும் விடுமுறை என்பது இங்குள்ள சட்டம், ஆக 8ஆம் தேதியும் சேர்ந்து மூன்று நாள் ஆகிறது. மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டுக்கான பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டுவிடும். டிக்கெட் போடுவதற்கு முன் அதை ஒரு முறை பாருங்கள்.

இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு இன்னொன்று: விசாவுக்குச் சொல்லப்படும் நாள் கணக்கு வேலைநாள் கணக்கு. பண்டிகை வாரத்தில் விண்ணப்பித்தால் நடுவில் விடுமுறை புகுந்துவிடும். கொஞ்சம் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது.

பட்டியலில் இரண்டு நாள் என்றுதான் இருக்கும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கடைகளின் விடுமுறை முந்தின நாள் மதியமே தொடங்கிவிடும். அன்று இரவு சீனக் குடும்பங்களில் எல்லாரும் கூடி உட்காரும் ஒன்றுகூடல் விருந்து. ஆண்டில் வேறு எந்தச் சாப்பாட்டை விட்டாலும் இதை விடமாட்டார்கள். காலையில் வியாபாரம் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். கடையில் வேலை பார்ப்பவர்களில் பலர் மலேசியர்கள். ஜோகூருக்கும் ஈப்போவுக்கும் போனவர்கள் இரண்டு நாளில் திரும்பி வரமாட்டார்கள். அதோடு, மறுபடி கடை திறப்பதற்கு நல்ல நாள் பார்க்கும் வழக்கமும் உண்டு, நாம் முகூர்த்தம் பார்ப்பதுபோலவே. அதனால் சிலர் மூன்றாம் நாள் திறப்பார்கள், சிலர் ஆறாம் நாள், சிலர் ஒரு வாரம் கழித்து. முந்தின நாள் மதியத்திலிருந்து நான்காம் நாள் காலைவரை என்று நீங்கள் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிவப்புத் தாளைப் படியுங்கள்

புத்தாண்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வந்துவிட்டீர்கள் என்றால் ஒரு வசதி இருக்கிறது. உணவங்காடிக் கடைகளின் கண்ணாடியிலோ இரும்புக் கதவிலோ சிவப்புத் தாள் ஒன்று ஒட்டியிருப்பார்கள். கறுப்பு மையில் கையால் எழுதியது. எழுத்து சீனத்தில் இருந்தாலும் தேதி பெரும்பாலும் நமக்குத் தெரிந்த எண்களில்தான் இருக்கும். முதலில் இருப்பது மூடும் நாள், அடுத்தது மறுபடி திறக்கும் நாள். சிலர் ஓய்வு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று மட்டும் எழுதுவார்கள், அப்போது கடைசித் தேதிக்கு மறுநாள்தான் திறப்பு. எண்ணே இல்லாமல் சீனமாக மட்டும் இருந்தால், அது சந்திர மாதக் கணக்கில் எத்தனையாம் நாள் திறக்கிறோம் என்பது. கடைக்காரரிடம் விரலைக் காட்டி 'ஓப்பன்?' என்று கேட்டால் போதும், விரல்விட்டே சொல்லிவிடுவார்.

தங்கும் இடத்துக்குக் கீழே இருக்கும் கடைகளின் தாள்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் காட்டும் நேரத்தை இந்த ஒரு வாரத்துக்கு நான் நம்பமாட்டேன். சிறிய கடைக்காரர் யாரும் உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டிருப்பதில்லை.

அறை எங்கே எடுப்பது

நான்கு நாள்தான் தங்குவது, அதுவும் புத்தாண்டுக்கு நடுவில் என்றால் சைனாடவுன் வேண்டாம். விளக்கைப் பார்க்க ஒரு மாலை போய் வந்தால் போதும். லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். சிராங்கூன் சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை, சையது ஆல்வி சாலை என்று எந்தப் பக்கம் நடந்தாலும் சாப்பாடு இருக்கும். முஸ்தஃபா சென்டர் என்ற பெரிய பல்பொருள் கடையும் அங்கேதான்.

ஓட்டலில் காலைச் சாப்பாட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். மற்ற நாள்களில் அது வீண் செலவு என்றே சொல்வேன், வெளியில் பாதி விலைக்கு இன்னும் ருசியாகக் கிடைக்கும். இந்த வாரம் மட்டும் கணக்கு வேறு.

'சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் என்ன?' என்று சிலர் கேட்பார்கள். இங்கே தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். இணையத்தில் யாராவது நாலு நாளுக்கு வீடு தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள். சமைத்தே ஆக வேண்டும் என்றால் சர்வீஸ் அப்பார்ட்மென்ட் பாருங்கள்.

முந்தின நாள் மதியத்துக்குள் வாங்க வேண்டியவை

பேரங்காடிகள் அன்று சீக்கிரம் மூடும், புத்தாண்டு அன்று பல கிளைகள் திறப்பதே இல்லை. ரொட்டி, பால், முட்டை, பழம், தண்ணீர், குழந்தை இருந்தால் டயப்பரும் பால்மாவும், இவற்றை முந்தின நாள் காலையிலேயே வாங்கிவிடுங்கள். மதியத்துக்குமேல் காசு கட்டும் வரிசை கடையின் பின்சுவர்வரை போகும். செவன் இலெவன், சியர்ஸ் போன்ற கடைகள் திறந்தே இருக்கும், ஆனால் விலை கூடுதல்.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் மீன் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். புத்தாண்டுக்கு முந்தைய வாரம் வாவல் மீன் விலை கேட்டால் தலை சுற்றும். சீனர்களின் விருந்து மேசைக்கு அது வேண்டும். புத்தாண்டுக்குப் பிறகு சில நாள் ஈரச்சந்தைகளில் மீன், கோழிக் கடைகள் பல மூடியே கிடக்கும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலும் சீனர் கடைகள் சாத்தியிருக்கும், ஆட்டுக்கறிக் கடைக்காரர்கள் நம்மவர்கள் என்பதால் அங்கே நிலைமை பரவாயில்லை. காய்கறிக்கும் கறிவேப்பிலைக்கும் பஃபலோ சாலையில் இருக்கும் நம்மவர் கடைகள்தான் கைகொடுக்கும்.

சாப்பாடு, வேளை வேளையாக

முந்தின நாள் காலை எல்லாமே கிடைக்கும். சீன உணவு ருசிபார்க்க வேண்டும் என்று பட்டியல் வைத்திருந்தால் அன்று காலையும் மதியமும்தான் வாய்ப்பு. சிக்கன் ரைஸ், வான்டன் மீ எல்லாவற்றையும் பதினொன்றரை மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சரக்கு தீர்ந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள்.

அன்று இரவு கொஞ்சம் சிக்கல்தான். திறந்திருக்கும் சீன உணவகங்கள் ஒன்றுகூடல் விருந்துக்காகப் பல வாரம் முன்பே பதிவாகியிருக்கும். பத்துப் பேர் மேசை, விலை நிர்ணயித்த முழு விருந்து, மாலை ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டரைக்கு ஒரு பந்தி என்று ஓடும். இரண்டு பேர் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். நம்மவர் உணவகம், பிராட்டா (நம்ம பரோட்டாதான்) கடை, கடைத்தொகுதிகளில் இருக்கும் துரித உணவகம் இவைதான் அன்றைக்கு வழி. துரித உணவகங்களிலும் சில கிளைகள் முன்னதாகவே மூடும், ஒன்பது மணிவரை காத்திருக்க வேண்டாம்.

புத்தாண்டு முதல் நாள் காலை, எந்தப் பேட்டையாக இருந்தாலும் திறந்திருப்பது பெரும்பாலும் இந்திய முஸ்லிம் பிராட்டா கடை. இரண்டு பிளைன், ஒரு முட்டை, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ). மற்ற கடைகள் மூடியிருப்பதால் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள், அரை மணி நேரம் காத்திருக்க நேரும். முடிந்தால் எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.

மதியத்துக்கு சிராங்கூன் சாலை. 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947இல் தொடங்கிய கோமள விலாஸ், இன்னும் நமக்குப் பழகிய சென்னைக் கிளைகள், ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறிக்குப் பேர்போன வாழையிலை உணவகங்கள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். நம்மவர் கடைகளுக்கு இது வியாபார நாள், விடுமுறை நாள் அல்ல. ஒரு குறிப்பிட்ட கடைக்காக வெகு தூரத்திலிருந்து வருவதாக இருந்தால் மட்டும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கூட்டம் பயங்கரமாக இருக்கும். கட்டுமானத் தளங்களுக்கும் கப்பல் பட்டறைகளுக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்கும் அபூர்வமான வாரம் இது. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து வேலை செய்யும் தம்பிகள் எல்லாரும் லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடுவார்கள். பகல் பன்னிரண்டரைக்குமேல் மேசை கிடைப்பது கஷ்டம். பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம். இன்னொன்று, இந்த வட்டாரம் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். பொது விடுமுறைக்கு முந்தின நாள் மாலை ஏழு மணியிலிருந்து விடுமுறைக்கு மறுநாள் காலை ஏழு மணிவரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. மது வாங்கி வந்து திண்ணையில் உட்காரலாம் என்று நினைக்கும் மாமாக்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சுத்த சைவமா? உங்களுக்கு ஒரு கூடுதல் வழி இருக்கிறது. பௌத்தச் சீனர்கள் பலர் புத்தாண்டு முதல் நாளில் சைவம்தான் சாப்பிடுவார்கள். அதற்கென்றே சில சீன சைவக் கடைகள் அன்று திறப்பதுண்டு. வாட்டர்லூ ஸ்திரீட் பக்கம், மிடில் சாலையில் இருக்கும் ஃபார்ச்சூன் சென்டருக்குள் சைவக் கடைகள் பல இருக்கின்றன. போய் எட்டிப் பார்க்கலாம். கோழி மாதிரி, மீன் மாதிரி செய்து வைத்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், எல்லாம் சோயாவும் காளானும்தான்.

எங்கேயும் எதுவும் அமையவில்லை என்றால் சாங்கி விமான நிலையம். இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் சிங்கப்பூர்க்காரர்களே பண்டிகை நாளில் அங்கே சாப்பிடப் போவார்கள். அங்குள்ள ஜுவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர அருவியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, சாப்பிட்ட மாதிரியும் ஆச்சு.

பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையாமல் இருக்க ஒரு வார்த்தை: விலைப் பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் மேலே ஏறும். புத்தாண்டு நாள்களில் சில உணவகங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் வாங்கும். மேசை நாப்கினுக்கும் வேர்க்கடலைக்கும் காசு போடுவது எந்த நாளிலும் உண்டு, வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போக்குவரத்து

எம்ஆர்டியும் பஸ்ஸும் எல்லா நாளும் ஓடும். முந்தின நாள் இரவு ரயில் சேவையை வழக்கத்தைவிட நீட்டிப்பார்கள். விடுமுறைக் காலையில் முதல் ரயில் ஞாயிற்றுக்கிழமைபோல் சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பும். டாக்சியும், போன் செயலியில் அழைக்கும் கிராப் காரும்தான் தொல்லை. ஓட்டுநர்களில் பாதிப் பேர் தங்கள் உறவினர் வீட்டில் இருப்பார்கள், மீதிப் பேருக்கு ஊர் முழுக்கக் கிராக்கி. முந்தின நாள் மாலையும் முதல் நாள் காலை பத்து மணிக்குமேலும் விலை எகிறும். அதிகாலை விமானம் என்றால் முன்கூட்டியே வண்டி சொல்லி வையுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஒரு எட்டு போய்வரலாம் என்ற யோசனையை இந்த வாரம் கைவிடுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே போனாலும் சீனர் கடைகள் மூடித்தான் இருக்கும்.

எங்கே போவது

புத்தாண்டுக்கு முந்தின இரவை அறையில் கழிக்காதீர்கள். சைனாடவுன் சந்தையில் கடைசி நேரத் தள்ளுபடி, நள்ளிரவுவரை கூட்டம். அதைவிட எனக்குப் பிடித்தது வாட்டர்லூ ஸ்திரீட். குவான் இம் கோயிலில் புத்தாண்டின் முதல் ஊதுவத்தியைச் செருக நள்ளிரவுக்குமுன்பே மக்கள் கூடிவிடுவார்கள். பக்கத்திலேயே நம் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். சீனர்கள் அங்கேயும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

முதல் நாள், பச்சையான இடமாகப் பார்த்துப் போங்கள். தாவரப் பூங்கா ஆண்டு முழுக்கக் காலை 5 மணி முதல் நள்ளிரவுவரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது. கரையோரப் பூந்தோட்டம், விலங்குத் தோட்டம், செந்தோசா எல்லாம் உண்டு, டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். கடைத்தொகுதிகள் அன்று திறந்தாலும் உள்ளே பாதிக் கடை இருட்டாகத்தான் இருக்கும், ஷாப்பிங்கை மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். அலுவலகங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போகவே வேண்டாம், சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே அங்கே ஆள் இருக்காது.

மூன்றாம், நான்காம் நாளில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போதுதான் பார்க்க வேண்டிய காட்சி. லாரியில் முரசோடு சிங்க நடனக் குழு வந்து இறங்கும். சிங்கம் கடைக்குள் புகுந்து, வைத்திருக்கும் கீரையை வாயால் கவ்விப் பிய்த்துக் கூட்டத்தின்மேல் வீசும். கமலா ஆரஞ்சை உள்ளேயே உரித்து, சுளைகளைத் தட்டில் நான்கு எண்களாக அடுக்கிவைத்துவிட்டுப் பின்வாங்கும். அடுத்த நிமிடம் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் போனை எடுத்து அந்த எண்ணைப் படம் பிடிப்பார்கள். எதற்கு? நாலு நம்பர் லாட்டரி வாங்கத்தான். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வித்தியாசமெல்லாம் அந்த வரிசையில் கிடையாது.

மருந்தும் மருத்துவரும்

பேட்டை மருந்தகங்கள் (இங்கே கிளினிக்கைத்தான் மருந்தகம் என்பார்கள்) பெரும்பாலும் மூடியிருக்கும். அரசின் பலதுறை மருந்தகங்கள் (பாலிகிளினிக்) பொது விடுமுறையில் திறப்பதில்லை. 24 மணி நேரத் தனியார் மருந்தகங்கள் சில இருக்கின்றன, தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எது என்று முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 995. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஊரிலிருந்தே ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு எடுத்து வாருங்கள். ஏடிஎம் எப்போதும்போல் வேலை செய்யும், வங்கிக் கிளைகள் திறக்காது.

சீன நண்பர் வீட்டுக்கு அழைத்தால்

கட்டாயம் போங்கள், அன்றைக்கு ஊரிலேயே நல்ல சாப்பாடு அங்கேதான். இரண்டு கமலா ஆரஞ்சு வாங்கிக்கொண்டு இரண்டு கையாலும் கொடுங்கள். அவர்களும் கிளம்பும்போது இரண்டு கொடுப்பார்கள். எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. கறுப்பு உடை வேண்டாம். உங்கள் குழந்தைகளுக்கு அங்பாவ் (சிவப்பு உறையில் பணம்) கொடுத்தால், கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்க்க விடாதீர்கள்.

மற்ற பண்டிகைகளில் வந்தால்

புனித வெள்ளி, விசாக தினம், தேசிய தினம், கிறிஸ்துமஸ் இவற்றில் கடைகள் கிட்டத்தட்ட வழக்கம்போலத்தான். தைப்பூசம் 1968 முதல் பொது விடுமுறை அல்ல.

தீபாவளியில் எல்லாம் தலைகீழ். தீபாவளிக்கு முந்தின இரவுவரை லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடம் இருக்காது. தீபாவளி அன்று கடைக்காரர்கள் தங்கள் வீட்டில் இருப்பார்கள். அன்று நம்மவர் சாப்பாடுதான் வேண்டும் என்று அலைந்தால் ஏமாற்றம்தான், சீன, மலாய்க் கடைகள் உங்களை வரவேற்கும். 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. திங்களும் விடுமுறை.

நோன்புப் பெருநாளுக்கு மலாய்க் கடைகளும் பிராட்டா கடைகளும் ஓரிரு நாள் மூடும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சீன மாதமும் இஸ்லாமிய மாதமும் இரண்டுமே பிறைக் கணக்கு. 2026, 2027, 2028 மூன்று ஆண்டிலும் சீனப் புத்தாண்டு பிறந்த ஓரிரு நாளில் நோன்பு மாதம் தொடங்குகிறது. அதனால் புத்தாண்டின் மூன்றாம், நான்காம் நாள் பகலில் மலாய்க் கடைகளையும் அதிகம் நம்ப முடியாது, இந்தியர் கடைகளையே பாருங்கள். 2029இல் கணக்கு இன்னும் இறுகுகிறது. பிப்ரவரி 13இல் சீனப் புத்தாண்டு, ஓரிரு நாளில் நோன்புப் பெருநாள். சீனர் கடை, மலாய்க்காரர் கடை, பிராட்டா கடை மூன்றும் ஒரே வாரத்தில் மூடும். அந்த ஆண்டு வருகிறவர்கள் சிராங்கூன் சாலையை ஒட்டி இப்போதே ஒரு சொந்தக்காரரைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.